கிரேக்கச் சாமிச் சண்டையை வில்லில் கட்டுவது எப்படி

பாளையங்கோட்டைப் பக்கம் ஆண்டுவிழாவுக்கு வில்லுப்பாட்டு கேட்கிற பள்ளிக்கூடம் இன்னும் உண்டு. கட்டபொம்மன் பாடி அலுத்திருந்தால் டைட்டன் போரை எடுங்கள்: கிரேக்கப் புராணத்தில் டைட்டன்கள் என்ற பழைய சாமிகளோடு ஜீயஸ் என்ற இளைய சாமி போட்ட சண்டை. கோயில் கொடைக்கு மட்டும் வேண்டாம். சுடலைமாடன் கதைக்குச் சாமியாடக் காத்திருப்பவர் முன்னால் ஜீயஸைப் பாடினால் ஏச்சு நிச்சயம்.

காப்பும் அவையடக்கமும் வழக்கம்போல. அப்புறம் உறவுமுறை. அது விளங்காமல் சண்டை விளங்காது. வானம் தகப்பன், பூமி தாய். கடைசி மகன் குரோனோஸ், தாய் கொடுத்த பன்னரிவாளால் தகப்பனை அறுத்துவிட்டு ஆட்சிக்கு வந்தவன். எங்கே அறுத்தான் என்பது பள்ளிக்கூடத்தில் வேண்டாம். தன் பிள்ளையே தன்னைக் கவிழ்ப்பான் என்று கேள்விப்பட்டு, பிறந்த ஐந்தையும் விழுங்கினான்: ஹெஸ்டியா, டெமிட்டர், ஹீரா, ஹேடிஸ், போஸைடன். ஆறாவது ஜீயஸ். ரியா ஒரு கல்லைத் துணியில் சுற்றிப் புருஷனிடம் நீட்டிவிட்டு, பிள்ளையைக் கிரீட் தீவில் ஒளித்தாள். கம்சனை நீங்கள் இழுக்க வேண்டாம், கூட்டமே இழுத்துக்கொள்ளும்.

போருக்குப் பின்பாட்டுக்காரர்களை இரண்டாகப் பிரியுங்கள். குடத்துப் பக்கம் ஒத்ரிஸ் மலை, பழைய டைட்டன்கள். உடுக்கைப் பக்கம் ஒலிம்பஸ் மலை, வளர்ந்து வந்த ஜீயஸும், விழுங்கிய தகப்பன் திரும்பக் கக்கிய கூடப்பிறந்தவர்களும். இந்தக் கதையைப் பாடிய பழைய கிரேக்கப் புலவர் ஹெசியட் கணக்கில் 10 வருஷம், யாருக்கும் வெற்றி இல்லை. அதை இரண்டே வரியில் தாண்டுங்கள்.

கதைக்கு உயிர் நூறுகையர்கள்தான். கோட்டஸ், பிரியாரியோஸ், கைஜிஸ்: ஆளுக்கு 100 கை, 50 தலை. பெற்ற தகப்பனான வானமே பயந்துபோய்ப் பூமிக்கடியில் கட்டிப்போட்டிருந்தான். பூமித்தாய் சொல்லி ஜீயஸ் அவிழ்த்துவிட்டு, முதலில் தேவர் உணவு கொடுத்தான். உதவியைப் பிறகுதான் கேட்டான். இந்த விருந்தை விடாதீர்கள். சாப்பிட வைத்துவிட்டுக் காரியம் பேசுகிறவனை நம்ம ஆட்களுக்குப் பிடிக்கும். கைக்கு ஒன்றாக 300 பாறை பறக்கும்போது வீசுகோல், குடம், உடுக்கை எல்லாம் ஒன்றாக முழங்கட்டும். ஜீயஸின் இடிக்குக் குடம் மட்டும். அந்த இடியைக் கொடுத்தவர்கள் ஒற்றைக்கண்ணர்கள் என்று நடுவில் ஒரு வசனம் போதும்.

தோற்ற டைட்டன்களை டார்டரஸ் என்ற பாதாளத்தில் அடைக்கும்போது பின்பாட்டுக்காரர் ஒருவர், "அது எவ்வளவு ஆழம், புலவரே?" என்று கேட்கட்டும். வானத்திலிருந்து விழும் கொல்லனின் வெண்கல அடைகல் 9 நாள் விழுந்து 10-ஆம் நாள் பூமியைத் தொடும். பூமியிலிருந்து டார்டரஸுக்கும் அதே கணக்கு. பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள், உடனே வாழி பாடிவிடுங்கள்.

அதே சாமிகள் பிறகு ராட்சதர்களோடு போட்ட சண்டையை இதோடு ஒட்டாதீர்கள். அதில் ஜெயிக்க ஜீயஸின் மகனான வீரன் ஹெராக்ளிஸ் வர வேண்டும், அடுத்த வருஷத்துக்கு ஆகும்.