வீடியோ காலில் பேரனுக்குத் தமிழ் பழக்குவது எப்படி? ஒரு சேலத்து அம்மாயியின் செய்முறை

என் பேரனுக்கு இப்போது மூன்றரை வயது. பிறந்தது ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில். மகள் அவனிடம் தமிழில் பேசுவாள். மருமகன் பாலக்காட்டுக்காரர், அவர் மலையாளத்தில் பேசுவார். அவர்கள் இரண்டு பேரும் தங்களுக்குள் ஆங்கிலம். காலையில் அவனைக் கொண்டுபோய் விடுகிற ‘கீட்டா’வில் (நம் பால்வாடி மாதிரி) முழுக்க ஜெர்மன். இந்தக் கூட்டத்துக்குள்தான் நான் சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஃபோன் வழியாகத் தலையை நீட்டுகிறேன்.

நாலு மொழியா, பிள்ளை குழம்பிப்போகாதா என்று கேட்காதவர்கள் இல்லை. எங்கள் பக்கத்து நெசவாளர் வீடுகளில் உள்ளே சௌராஷ்டிரமோ கன்னடமோ தெலுங்கோ பேசிவிட்டு வாசலுக்கு வந்ததும் தமிழ் பேசுவார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் யாரும் குழம்பி நான் பார்த்ததில்லை. அதனால் அந்தப் பயத்தை ஓரமாக வைத்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

முதலில் நேரம். தினமும் ஒரே நேரத்தில் கூப்பிடுங்கள், கால் மணி நேரம் போதும். ஜெர்மனி நம்மைவிடக் கோடையில் மூன்றரை மணி நேரமும் குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் பின்னால் இருக்கிறது. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அங்கே கடிகாரத்தை மாற்றிவிடுவார்கள். இது தெரியாமல் முதல் அக்டோபரில் நான் வழக்கம்போல இரவு எட்டரைக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து, யாரும் எடுக்காததால் என்ன ஆச்சோ என்று சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். அங்கே மணி நாலு, மகள் அவனைக் கூட்டிவரக் கீட்டாவில் நின்றுகொண்டிருந்தாள். இப்போது குளிர்காலத்தில் ஒன்பதரை, கோடையில் எட்டரை என்று காலண்டரிலேயே எழுதி வைத்திருக்கிறேன். அவனுக்கு இரண்டுமே சாயங்காலம் ஐந்து மணிதான், அவனுக்கு மாறாமல் இருந்தால் போதும்.

ஃபோனை எங்கே வைப்பது? கையில் பிடிக்காதீர்கள். எதிலாவது சாய்த்து வையுங்கள், எனக்கு அரிசி டப்பாதான் ஸ்டாண்ட். டியூப்லைட் உங்கள் முகத்துக்கு எதிரில் இருக்க வேண்டும், முதுகுக்குப் பின்னால் இருந்தால் உங்கள் முகம் கரும்பலகை மாதிரி தெரியும். வாய் அசைவது பிள்ளைக்குத் தெரிய வேண்டும். பக்கத்தில் விசைத்தறி ஓடினால் அந்த ஜன்னலைச் சாத்துங்கள். அந்தப் பக்கம் ஃபோன் தரையில், பிள்ளை விளையாடுகிற மட்டத்தில் இருக்கட்டும்.

கேள்வி கேட்பதை நிறுத்துங்கள். இதைத்தான் நான் ஒரு வருஷம் தப்பாகச் செய்தேன். எடுத்ததும் “மூக்கு எங்கே? காது எங்கே? இது யாரு சொல்லு? ஒரு பாட்டுப் பாடு சாமி” என்று பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்த மாதிரி. முப்பது விநாடியில் ஓடிவிடுவான், அப்புறம் மகள் அவனைத் துரத்துவாள், நான் சோபாவின் காலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கேள்விக்குப் பதிலாக ஏதாவது வேலை செய்யுங்கள். நான் பூண்டு உரிப்பேன், அவன் அங்கே ஒரு கிண்ணத்தில் பட்டாணியைப் போடுவான். சின்னக் கடைவீதியில் ஒரே மாதிரி இரண்டு எவர்சில்வர் தம்ளர், இரண்டு கரண்டி, இரண்டு சின்ன மூடி வாங்கினேன். ஒரு செட் என்னிடம், ஒரு செட் அவனிடம். நான் என் தம்ளரில் தண்ணீர் ஊற்றினால் அவனும் ஊற்ற வேண்டும். “ஊத்து. மூடு. திற. எடு. கொட்டு. கொட்டாத கொட்டாத கொட்டாத.” இவ்வளவுதான் பாடம். (அவர்கள் வீட்டுத் தரை நனைவது மகளின் கவலை.)

கவனித்துப் பாருங்கள், இந்தச் சொற்கள் எவ்வளவு குட்டி. வா, போ, தா, எடு: தமிழில் ஒரு வினையின் வேர்ச்சொல் அப்படியே கட்டளையாக நிற்கும், எந்த ஒட்டும் வேண்டாம். பேசத் தொடங்குகிற வாய்க்கு இதைவிடச் சுலபமானது வேறென்ன? “பேராண்டி, அந்தத் தம்ளரில் தண்ணீரை ஊற்றுகிறாயா” என்றெல்லாம் நீட்டுவது பிற்பாடு.

தமிழ்ப் பாட்டு வீடியோ போட்டுவிட்டால் போதாதா என்று மருமகன் கேட்டார். போதாது. 2014இல் ரோஸ்பெரி, ஹிர்ஷ்-பாசெக், கோலின்காஃப் என்ற மூன்று ஆய்வாளர்கள் இரண்டிலிருந்து இரண்டரை வயதுப் பிள்ளைகளுக்குப் புது வினைச்சொற்களைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நேரில் பேசியவரிடமும் வீடியோ காலில் பேசியவரிடமும் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள், பதிவு செய்த வீடியோவிலிருந்து கற்கவில்லை. பதிவு வீடியோ பிள்ளைக்காகக் காத்திருக்காதே, அவன் கிண்ணத்தைக் கவிழ்த்தால் “அய்யோ” என்றும் சொல்லாதே. ஒன்றரை வயதுக்குள் திரையே வேண்டாம் என்கிற அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் பரிந்துரைகூட, 2016இல், வீடியோ காலுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது. இதைக் காட்டித்தான் மருமகனிடம் என் கால் மணி நேரத்தை வாங்கினேன்.

அவன் வேறு மொழியில் பதில் சொன்னால்? சொல்வான், நிறைய. “வாசர்” என்பான். “தண்ணியா? இந்தா தண்ணி, அம்மாயியும் தண்ணி குடிக்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். “தப்பு, தமிழ்ல சொல்லு” என்றால் வாயை மூடிக்கொள்வான்.

ஒரு நாள் “அம்மாயி, களிக்கணும்” என்றான். நான் உருகிப்போனேன். ஸ்டுட்கார்ட்டில் பிறந்த பிள்ளை ராகிக் களி கேட்கிறானே என்று மகளிடம் கேழ்வரகு மாவு எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கவே ஆரம்பித்துவிட்டேன். மலையாளத்தில் களி என்றால் விளையாட்டாம். இப்போது அவன் விளையாடக் கூப்பிட்டால் நான் களி கிண்டுகிற மாதிரி கையைச் சுற்றுவேன், அவன் “அந்தக் களி இல்ல!” என்று கத்துவான். முழுத் தமிழ் வாக்கியம், பாருங்கள்.

மலையாளத்தைக் குறை சொல்லாதீர்கள், சம்பந்தி வீட்டு அச்சம்மாவும் அவனுக்குப் பாட்டிதான். ஆனால் நீங்கள் ஆங்கிலத்துக்குத் தாவக் கூடாது. நம் வயதுக்காரர்களுக்கு இது பெரிய சபலம்: “ஆப்பிள் ஈட் பண்ணு, குட் பாய்.” தமிழ் பேசினால்தான் அம்மாயியிடம் வேலை நடக்கும் என்று பிள்ளைக்குப் பட வேண்டும். பெல்ஜியத்தில் அன்னிக் டி ஹவுவர் என்ற மொழி ஆய்வாளர் ஏறக்குறைய 1,900 குடும்பங்களை வைத்து 2007இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அப்பா அம்மாவில் ஒருவர் ஊர்மொழி, மற்றவர் தன் தாய்மொழி என்று ஆளுக்கொன்றாகப் பேசிய வீடுகளில் ஏறத்தாழ நாலில் ஒரு வீட்டுப் பிள்ளைகள் அந்தத் தாய்மொழியைப் பேசவே இல்லை. மகள் ஒருத்தியின் தமிழ் மட்டும் போதும் என்று நான் நம்பிக்கொண்டிருக்கவில்லை.

இரண்டு வயதில் அவன் அதிகம் பேசவில்லை. யாரோ ஒருவர் “வீட்டில் ஒரே மொழி பேசுங்கள், தமிழை விடுங்கள்” என்று சொல்லப்போய் மகள் அன்றைக்கு ஃபோனில் அழுதாள். பல மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. சொற்களை எண்ணும்போது எல்லா மொழியையும் சேர்த்து எண்ண வேண்டும், நாங்கள் எண்ணினோம், அறுபதைத் தாண்டியது. இரண்டு வயதில் அப்படிச் சேர்த்தும் ஐம்பது தேறவில்லை, இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள், காது கேட்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மொழியைக் குறைப்பது அதற்கு வைத்தியம் இல்லை.

ழகரம்? விடுங்கள். அவன் ‘வாயப்பயம்’ என்கிறான், எங்கள் தெருவில் பாதிப் பேர் ‘வாளப்பளம்’ என்கிறார்கள். நீங்கள் சரியாகச் சொல்லிக்கொண்டே இருந்தால் போதும்.

நேரில் வரும்போது ஃபோனில் செய்ததை எல்லாம் கையில் கொடுங்கள். இந்த மே மாதம் வந்தான். ‘காரம்’ என்ற சொல்லை நான் சொல்லித்தரவில்லை, தட்டுவடை செட்டில் ஒரு கடி கடித்ததும் அவனே கண்டுகொண்டான். எதிர்வீட்டுப் பிள்ளைகளோடு மூன்று நாள் மண்ணில் புரண்டதில் வந்த தமிழ், என் ஆறு மாதப் பூண்டு உரிப்பில் வரவில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

அப்புறம் எண்கள். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறுகிற சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வளைவு வரும்போதெல்லாம் கார் முழுக்கச் சேர்ந்து கத்தி எண்ண வேண்டும். பத்து வரைக்கும் தமிழில் வந்தான், பதினொன்றில் “எல்ஃப்” என்று ஜெர்மனுக்குத் தாவினான். நாங்கள் “பத்தும் ஒண்ணும் பதினொண்ணு” என்று விரலைக் காட்டினோம், அடுத்ததில் “ஸ்வோல்ஃப்”, அதற்கடுத்ததில் எங்களோடு சேர்ந்து “பதிமூணு”. பதினாலாவது வளைவில் வாந்தி எடுத்தான். மிச்சம் ஆறு வளைவையும் யாரும் எண்ணவில்லை.

ஊருக்குப் போய் இரண்டு வாரம் ஆகிறது. நேற்றுப் பட்டாணியை ஒவ்வொன்றாகத் தம்ளரில் போட்டுக்கொண்டே தமிழில் எண்ணினான். பதிமூன்று வரைக்கும் சரளமாக வந்தான், அப்புறம் கையை வயிற்றில் வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்து “பதினாலு… காரை நிறுத்து” என்றான்.