ஜீப்ரா ப்ளெக்கோ குஞ்சுகளை வீட்டுத் தொட்டியில் வளர்ப்பது எப்படி?

கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட, கெளுத்தி வகையைச் சேர்ந்த சிறு மீனான ஜீப்ரா ப்ளெக்கோவைப் பார்த்து ஆசைப்படாத மீன் வளர்ப்பாளர் குறைவு. விலையைக் கேட்டதும் பாதிப் பேர் பின்வாங்கிவிடுவார்கள். மீதிப் பேருக்காக இந்தப் பதிவு. முட்டையிட வைப்பதுதான் பெரிய வித்தை என்று பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது பாதி வேலைகூட இல்லை. தண்ணீரும் தீனியும் சரியாக இருந்தால் மீனே பார்த்துக்கொள்ளும். குஞ்சு குகையை விட்டு வெளியே வந்த பிறகு வரும் முதல் ஒன்றிரண்டு மாதங்களில்தான் புதிதாக வருபவர்கள் கோட்டை விடுகிறார்கள்.

ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயம். பிரேசிலின் பாரா மாநிலத்தில், அல்தமிரா நகரைத் தாண்டி ஷிங்கு ஆறு ஒரு பெரிய வளைவு எடுக்கிறது. இந்த மீனுக்கு இயற்கையில் இருக்கும் ஒரே வீடு அந்தப் பகுதிதான். 1991-இல்தான் இதற்கு ஹைப்பான்சிஸ்ட்ரஸ் ஜீப்ரா என்று அறிவியல் பெயர் வைத்தார்கள். வளர்ப்பாளர்களிடம் எல் 046 என்ற குறியீட்டு எண்ணைச் சொன்னால் உடனே தெரியும். பெலோ மோன்டே அணை அந்த வளைவுக்குப் போகும் தண்ணீரில் பெரும்பகுதியைத் திருப்பி விடுகிறது. ஆற்றில் பிடித்து ஏற்றுமதி செய்வதைப் பிரேசில் தடை செய்திருக்கிறது, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தப் பட்டியலிலும் மீன் இருக்கிறது. அதனால் தொட்டியில் பிறந்த மீனை மட்டும், ரசீதோடு வாங்குங்கள். 'ஆற்று மீன், ஒரிஜினல்' என்று யாராவது பெருமையாகச் சொன்னால் அது கடத்தல் சரக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சைட்டீஸ் பட்டியலில் உள்ள உயிரினங்களை வைத்திருப்போர் பதிவு செய்வதற்கான விதிகள் இந்தியாவில் 2024-இல் வந்திருக்கின்றன. வாங்கும் முன் வனத்துறையில் கேட்டுவிடுவது நல்லது.

படி 1: தொட்டி

ஆறு மீன் கொண்ட ஒரு குழுவுக்கு 60 செ.மீ நீளம், 45 செ.மீ அகலம் போதும். உயரம் முக்கியமில்லை, தரைப்பரப்புதான் முக்கியம். ஸ்பான்ஜ் ஃபில்டர் ஒன்று, நல்ல நீரோட்டம் தரும் இன்னொரு ஃபில்டர் ஒன்று. அதன் உறிஞ்சும் வாயில் ஸ்பான்ஜ் மாட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் குஞ்சு உள்ளே போய்விடும். தொட்டியைக் குறைந்தது ஒரு மாதமாவது மீன் இல்லாமல் ஓடவிட்டு, மீனுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று டெஸ்ட் கிட் காட்டிய பிறகே மீனை விட வேண்டும்.

படி 2: தண்ணீர்

வெப்பம் 28 முதல் 30 டிகிரி, பிஹெச் 6.5 முதல் 7 வரை, மென்மையான தண்ணீர். நம் ஊர் வெயிலுக்கு ஹீட்டர் குளிர்காலத்தில்தான் வேலை செய்யும். ஆனால் போர்வெல் தண்ணீர் பெரும்பாலும் கடினமானது. ஆர்ஓ தண்ணீரோடு கலந்து டிடிஎஸ்-ஐ, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் கீழே கொண்டுவாருங்கள். இன்னொன்று: சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். இந்த மீனோ பாறைகளுக்கிடையே பாய்ந்து ஓடும் தண்ணீரில் வாழ்ந்து பழகியது. ஏர் பம்ப் இரவு பகலாக ஓட வேண்டும்.

படி 3: ஜோடியும் குகையும்

முழு வளர்ச்சியில்கூட இது விரல் நீளம்தான். இனப்பெருக்கத்துக்குத் தயாராக இரண்டு மூன்று வருடம் ஆகும். ஆணுக்குத் தலை அகலம், பக்கத் துடுப்பின் முதல் முள்ளிலும் கன்னத்திலும் முடி போன்ற சிறு முட்கள் இருக்கும். பெண்ணின் தலை ஒடுங்கியிருக்கும். மேலிருந்து பார்த்தால் வயிறு உருண்டு தெரியும். இரண்டு ஆண், நான்கு பெண் என்பது நல்ல கணக்கு.

களிமண் குகை ஒரு பக்கம் அடைத்ததாக இருக்க வேண்டும். நீளம் 12 முதல் 15 செ.மீ, அகலம் 3 முதல் 4 செ.மீ, உயரம் சுமார் 3 செ.மீ. ஆண் உள்ளே போனால் உடம்பு கிட்டத்தட்ட ஒட்டியிருக்க வேண்டும். பெரிய குகை வைத்தால் பெண் நழுவிப் போய்விடும். ஆண்களின் எண்ணிக்கையைவிடக் குகைகள் கூடுதலாக இருக்கட்டும், சண்டை குறையும்.

கடையில் 'சக்கர் மீன்' என்று விற்கிறார்களே, அதுபோல இது பாசி தின்னும் மீன் இல்லை. உறைய வைத்த ரத்தப்புழு, ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிறு இறால், புரதம் அதிகமுள்ள மூழ்கும் தீனி இவைதான் இதற்கு. விளக்கை அணைத்த பிறகு போடுங்கள்.

படி 4: மழை வந்த மாதிரி

இரண்டு மூன்று வாரம் தண்ணீர் மாற்றுவதைக் குறைத்து, வெப்பத்தை 30-31 டிகிரியில் வையுங்கள். ஆறு வற்றியிருக்கும் காலம் அப்படித்தான் இருக்கும். அப்புறம் ஒரு மாலை, சற்றுக் குளிர்ந்த, மென்மையான தண்ணீரில் 40 சதவீதம் மாற்றுங்கள். அடுத்த சில நாட்களும் இதையே செய்து, நீரோட்டத்தையும் கூட்டுங்கள். இளம் மீன்களிடம் இதைச் செய்து பார்ப்பது வீண்.

வேலை செய்தால், ஆண் ஒரு பெண்ணைக் குகைக்குள் விட்டு வாசலை அடைத்துக்கொள்ளும். பெண் சில நாள் வெளியே வராது. பயந்து குகையைத் தூக்கிப் பார்க்காதீர்கள்.

படி 5: முட்டை

பெண் வெளியே வந்துவிட்டது, ஆண் மட்டும் உள்ளேயே வாலை ஆட்டிக்கொண்டு கிடக்கிறது என்றால் முட்டை இருக்கிறது என்று அர்த்தம். டார்ச் அடித்துப் பார்த்தால் மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறத்தில் ஒரு கொத்து தெரியும். பெரும்பாலும் 10 முதல் 20 முட்டைதான் இருக்கும், பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். ஒரு வாரத்துக்குள் பொரியும். பொரிந்ததும் குஞ்சைவிட அதன் மஞ்சள் கருப் பைதான் பெரிதாக இருக்கும். அது வற்ற வற்ற உடம்பில் பட்டைகள் தெளியும். அதற்கு மேலும் பத்துப் பதினைந்து நாள் ஆகும். அதுவரை அப்பாவே பார்த்துக்கொள்ளும்.

முட்டையை ஆண் வெளியே தள்ளிவிட்டால் மட்டும் நீங்கள் கை வையுங்கள்: வலைப் பெட்டியில் போட்டு, பக்கத்தில் ஏர் ஸ்டோனை மெதுவாக ஓடவிட்டு, வெள்ளையாகப் பூஞ்சை பிடித்ததைத் தினமும் எடுத்துவிடுங்கள்.

படி 6: குஞ்சுப் பெட்டி

மஞ்சள் கரு கிட்டத்தட்ட தீர்ந்து, குஞ்சுகள் குகை வாசலில் தலை காட்டும் நேரத்தில் அவற்றைப் பிரிப்பது எனக்குப் பிடித்த முறை. குகையைத் தண்ணீருக்குள்ளேயே சாய்த்து, பெட்டிக்குள் இறக்கி விடலாம். பெரிய தொட்டியிலேயே விட்டாலும் பெரிய மீன்கள் பெரும்பாலும் தின்னாது. ஆனால் தீனி குஞ்சுகளின் வாய்க்குப் போய்ச் சேராது, அதுதான் சிக்கல்.

தனித் தொட்டி வேண்டாம். தாய்த் தொட்டியின் பக்கத்தில் தொங்கும், ஏர் பம்ப் மூலம் அதே தண்ணீர் உள்ளே வந்து வெளியேறும் பெட்டி போதும். தண்ணீரின் அளவு பெரிதாக இருப்பதால் அம்மோனியா சட்டென்று ஏறாது. அடியில் மணல் போடாதீர்கள். நாட்டு வாதாம் இலை ஒன்று, சிறிய மரத்துண்டு ஒன்று, அவ்வளவுதான்.

படி 7: தீனி, இதுதான் உயிர்நாடி

புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியாவுக்கு இணையாக எதுவும் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் 25 கிராம் அயோடின் சேர்க்காத கல்லுப்பு, அரை டீஸ்பூன் ஆர்ட்டீமியா முட்டை, பலமான காற்று, 28 டிகிரி வெப்பம், மேலே ஒரு விளக்கு. 24 மணி நேரத்தில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்தி, பாட்டிலின் அடியில் வெளிச்சம் காட்டுங்கள். ஓடு மேலே மிதக்கும், உயிருள்ளவை வெளிச்சத்தைத் தேடிக் கீழே கூடும். மெல்லிய குழாயால் உறிஞ்சி, மெல்லிய வலையில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிய பிறகு கொடுங்கள். ஓடு சேரக் கூடாது.

நாளுக்கு இரண்டு மூன்று வேளை, ஒவ்வொரு வேளையும் கொஞ்சமாக. நன்னீரில் ஆர்ட்டீமியா சில மணி நேரத்தில் செத்துவிடும், பிறகு அது கழிவுதான். போதுமா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு: குஞ்சு கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது அடிப்பக்கமாகப் பாருங்கள். வயிறு உப்பி ஆரஞ்சாகத் தெரிந்தால் சாப்பிட்டிருக்கிறது. குழிந்து இருந்தால் அன்றே கவனிக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் விட்டால் திரும்பக் கொண்டுவருவது கஷ்டம். சில வாரம் கழித்துப் பொடித்த தீனியையும் பழக்குங்கள்.

படி 8: தினசரி வேலை

தீனி போடும் முன் முந்தைய மிச்சத்தை ஏர் குழாயால் உறிஞ்சி எடுங்கள். ஐந்து நிமிட வேலை, ஆனால் ஒரு நாளும் தவறக் கூடாது. தாய்த் தொட்டியில் வாரத்துக்கு இரண்டு முறை 20 சதவீதம், அதே வெப்பமுள்ள, குளோரின் நீக்கிய தண்ணீரால் மாற்றலாம். கரண்ட் போனால் பெட்டிக்குள் தண்ணீர் ஓட்டம் நின்றுவிடும். வெயில் நாளில் குஞ்சுகள் சீக்கிரம் திணறும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றைக் கட்டாயம் வாங்கி வையுங்கள்.

படி 9: அடுத்த ஈட்டுக்கு முன்

வளர்ச்சி மிக மெதுவு. ஆறு மாதத்தில் 3 செ.மீ வந்தாலே நல்ல வளர்ச்சி. 2 செ.மீ தாண்டியதும் ஸ்பான்ஜ் ஃபில்டர் ஓடிப் பழகிய தனித் தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். ஒருமுறை குடும்பம் நடத்திய ஆண், சில வாரத்திலேயே அடுத்த பெண்ணைக் குகைக்குள் அடைத்துக்கொள்ளும். அதற்குள் பெட்டி காலியாக இருக்க வேண்டும்.