பிராடக்ட் மார்க்கெட்டிங் இன்டர்வியூவில் சொதப்பாமல் இருக்க

விளம்பரம் போடுவது மட்டும் பிராடக்ட் மார்க்கெட்டிங் இல்லை. பொருள் யாருக்கு, அவர்கள் இப்போது இதற்குப் பதிலாக எதை வாங்குகிறார்கள், அதை விட்டு இதற்கு ஏன் வரவேண்டும், இதையெல்லாம் விற்பனை ஆட்கள் எப்படி எடுத்துச் சொல்வது என்று யோசிப்பதுதான் வேலை. இன்ஸ்டாகிராம் போஸ்ட் கதையையே அரை மணி நேரம் பேசினால் கதை முடிந்தது.

நான் கோத்தகிரிக்காரன், தேயிலையிலேயே சொல்கிறேனே. "ஆர்த்தடாக்ஸ் டீயை (இலையை நசுக்காமல் உருட்டித் தயாரிப்பது) எப்படி விற்பீர்கள்?" என்று கேட்டால் பலர் மணம், நிறம், புவிசார் குறியீடு என்று அடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். பாலும் சர்க்கரையும் போட்டு ஸ்ட்ராங்காகக் குடிப்பவருக்கு இலையை நசுக்கிக் குருணையாக்கிய சிடிசி தூளே போதும், அவரிடம் இதைச் சொல்லி என்ன பயன்? பால் இல்லாமல் குடிப்பவர் யார், எங்கே வாங்குகிறார், என்ன விலை கொடுப்பார் என்று முதலில் திருப்பிக் கேளுங்கள். அந்தக் கேள்விகளுக்கே பாதி மார்க்.

அடுத்தது "நாங்கள் செய்தோம்" வியாதி. என் முதல் இன்டர்வியூவில் நானும் அப்படித்தான் அளந்தேன், "அதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?" என்றதும் வாயடைத்துப்போனது. உங்கள் பங்கு, முன்பு இருந்த எண், பின்பு வந்த எண், மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எடுபடாமல் போன ஒரு பொருள் அறிமுகத்தையும் மறைக்காமல் சொல்லலாம், தப்பில்லை.

இன்டர்வியூ எடுக்கும் கம்பெனியின் பொருளை ஒரு தடவையாவது பயன்படுத்திப் பாருங்கள். வேலையில் சேர்ந்த முதல் 90 நாளில் என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள், தயாராக இருங்கள். அப்புறம், மலையிலிருந்து ஆன்லைனில் பேசுகிறீர்களா? மழைக்காலமென்றால் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது.