ஃபிக்மால அழகா இருந்த யூஐ கேம்குள்ள போனதும் ஏன் சொதப்புது?

ஃபிக்மாங்கற டிசைன் சாஃப்ட்வேர்ல கேமோட யூஐ, அதாவது திரைல தெரியற பட்டன், மெனு, ஸ்கோர் எல்லாம் வரையறோம். வெள்ளை பேக்ரவுண்டுல ஹெல்த் பார் (உயிர் எவ்ளோ மிச்சம்னு காட்டற பட்டை), மினிமேப் (மூலைல இருக்கற குட்டி வரைபடம்), நாலு பட்டன் வரைஞ்சு பாத்துட்டு "செம்மயா இருக்குடா"ன்னு அங்கயே முடிவு பண்ணிடறது, இதுதான் பெரிய தப்பு, நானும் பண்ணிருக்கேன். கேம்ல பின்னாடி வெள்ளைச் சுவரா இருக்கப்போவுது? குகை இருக்கும், தீ இருக்கும், திடீர்னு பனி வரும். நான் முதல்ல பண்ண கேம்ல வெளிர் மஞ்சள் எழுத்து, குகை லெவல்ல தங்கம் மாதிரி மின்னுச்சு, அடுத்த லெவல் பாலைவனம், ஸ்கோர் எங்க இருக்குன்னே தெரியல. இப்பல்லாம் கேம்லயே ரொம்ப வெளிச்சமான சீன் ஒண்ணு, ரொம்ப இருட்டான சீன் ஒண்ணு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதுமேல வெச்சுதான் கலரே முடிவு பண்றேன். எழுத்துக்குப் பின்னாடி பாதி தெரியற கருப்புப் பட்டை ஒண்ணு போட்டாலே பாதிப் பிரச்சன தீந்துடும்.

எழுத்து சைஸ் அடுத்த தலைவலி. நாம மானிட்டர மூக்குல இடிக்கிற மாதிரி உக்காந்து டிசைன் பண்றோம், ஆடறவன் சோபால சாஞ்சு எட்டடி தள்ளி டிவி பாக்கறான். 2006ல எக்ஸ்பாக்ஸ் 360ங்கற கேம் கன்சோலுக்கு வந்த டெட் ரைசிங்ங்கற கேம்ல எழுத்து ரொம்பப் பொடிசு, ஹெச்டி இல்லாத பழைய டிவி வெச்சிருந்தவங்களால படிக்கவே முடியல. எக்ஸ்பாக்ஸோட இப்போதைய வழிகாட்டுதல்ல 1080பி டிவிக்கு எழுத்து குறைஞ்சது 26 பிக்சல் இருக்கணும்னு சொல்றாங்க. எழுந்து ரூம் கடைசிக்குப் போய் நின்னு படிச்சுப் பாருங்க, காசா பணமா.

அப்புறம் இந்த காப்பி. பெர்சோனா 5ங்கற கேமோட மெனுவப் பாத்துட்டு செவப்பு கருப்புல எல்லாத்தையும் சாய்ச்சு வைக்காத ஆளே இல்ல. அது மாத்தி மாத்தி அடிக்கிற கேம்ங்க, நீங்க மெனுல யோசிக்கிற வரைக்கும் எதிரி காத்துட்டு நிப்பான், அதனால மெனு எவ்ளோ ஆட்டம் போட்டாலும் தாங்கும், அதுலயும் இப்ப எது செலக்ட் ஆகியிருக்குங்கறது மட்டும் பளிச்னு இருக்கும். அத ஓடி ஓடி சுடற கேம்ல வெச்சா மெனுவப் படிக்கறதுக்குள்ள செத்துருவீங்க. டெட் ஸ்பேஸ்ங்கற கேமும் (2008) இப்படித்தான். ஹெல்த் ஹீரோவோட முதுகுத்தண்டுல, குண்டு எண்ணிக்கை துப்பாக்கி மேலயே, சூப்பர் ஐடியா, ஆனா கேமரா எப்பவும் அவன் முதுகுக்குப் பின்னாடியே இருக்கறதாலதான் அது ஓடுச்சு. ஹீரோ கண்ணு வழியாவே பாக்கற ஃபர்ஸ்ட் பெர்சன் கேம்ல நம்ம முதுகு நமக்கு எங்க தெரியும்?

எதிரி செவப்பு, நண்பன் பச்சைன்னு கலர மட்டும் நம்பாதீங்க. செவப்பு பச்சை பிரிச்சுத் தெரியாத ஆம்பளைங்க கணிசமா இருக்காங்க. முக்கோணம், வட்டம்னு வடிவமும் மாறட்டும். ஸ்கிரீன்ஷாட்ட கருப்பு வெள்ளை ஆக்கிப் பாத்தா வண்டவாளம் தெரிஞ்சுடும்.

தமிழ்ல கேம் விடற ஐடியா இருந்தா ஃபான்ட கடைசிக்குத் தள்ளாதீங்க. "செட்டிங்ஸ்"க்கு இங்கிலீஷ்ல அளந்து செஞ்ச பட்டன்ல "அமைப்புகள்" முட்டிக்கிட்டு நிக்கும், வரி உயரம் பத்தலன்னா "கீ"யோட தலையும் "கூ"வோட காலும் வெட்டுப்படும். அதவிட மோசம், கேம் செய்யற சாஃப்ட்வேரான (எஞ்சின்னு சொல்வாங்க) யூனிட்டில எழுத்து காட்டற டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ மாதிரி சிலதுல கொம்பு இடம் மாறிடும், ரொம்ப நாள் தொல்லை இது. கோடோ 4ங்கற இன்னொரு எஞ்சின்ல இந்தப் பிரச்சன இல்ல. ஒரு பட்டன்கூட வரையறதுக்கு முன்னாடி எஞ்சின்ல "போர்க்களம்"னு அடிச்சுப் பாருங்க, இரட்டைக்கொம்பு "ப"வுக்கு முன்னாடி வராம பின்னாடி ஒட்டிக்கிட்டு நின்னா அந்த செட்டப்ப அன்னைக்கே மாத்திடுங்க.