வீட்டில் எக்ஸாஸ்ட் ஹெடர் கட்டுவது: பெண்டைச் சரியாக வெட்டினால் பாதி வேலை முடிந்தது

எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வரும் புகையைத் தனித்தனிப் பைப்பில் கொண்டுபோய் ஒன்றுசேர்ப்பதுதான் ஹெடர். மெல்லிய பைப்பை ஓட்டை விழாமல் டிக் (TIG) வெல்டிங் செய்யத் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். கணக்கெல்லாம் நான்கு சிலிண்டர் எஞ்சினுக்கு.

வேண்டியவை: ஃபிளாஞ்சுக்கு, அதாவது எஞ்சினில் முறுக்கும் முகப்புக்கு, 10 மி.மீ. இரும்புத் தகடு. 42 மி.மீ. வெளிவிட்டம், 1.6 மி.மீ. கனமுள்ள 304 ஸ்டெயின்லெஸ் பைப். அதே அளவில், மைய ஆரம் 63 மி.மீ. உள்ள மாண்ட்ரல் பெண்டுகள் (உள்ளே அச்சு விட்டு, நசுங்காமல் வளைத்த பைப்): 90 டிகிரி எட்டு, 45 டிகிரி நான்கு. நான்கு பைப்பையும் ஒன்றாக்கும் கலெக்டரை ரெடிமேடாக வாங்குங்கள்; நாலு பைப் கூடும் நடு இடுக்கை அடைப்பது தொடக்கக்காரருக்கான வேலை இல்லை. ஜிஐ (துத்தநாகம் பூசிய) பைப் பக்கமே போகாதீர்கள், துத்தநாகப் புகை காய்ச்சலில் படுக்க வைத்துவிடும்.

1. ஃபிளாஞ்ச். புது கேஸ்கட்டைத் தகட்டின்மேல் வைத்துக் கோடு போட்டு வெட்டுங்கள். போர்ட் (எஞ்சினில் புகை வெளிவரும் துளை) வட்டமாக இல்லையென்றால் பைப் முனையை வைஸில் அமுக்கி அந்த வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள்.

2. பெண்டை வெட்டுவது. பலரும் சறுக்குவது இங்கேதான். வெட்டு, வளைவின் மையத்தை நோக்கியே போக வேண்டும். கொஞ்சம் கோணினாலும் வாய் முட்டை வடிவமாகிவிடும், அடுத்த துண்டோடு பொருந்தாது. நேர்பைப்பிலேயே 10 டிகிரி கோணல் 42-ஐ 42.6 ஆக்கும்.

பெண்டை அட்டையில் படுக்கவைத்து, வளைவு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் மூலைமட்டத்தால் பைப்புக்குச் செங்குத்தாகக் கோடு இழுங்கள். இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளிதான் மையம். அங்கிருந்து வேண்டிய டிகிரிக்கு ஒரு கோடு போட்டு, அதைப் பெண்டின் உள்முதுகிலும் வெளிமுதுகிலும் குறியுங்கள். இந்தப் பெண்டில் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் உள்ளே 7.3, வெளியே 14.7, நடுக்கோட்டில் 11 மி.மீ. வரும். இரு குறிகளும் தொடும்படி ஹோஸ் கிளிப்பை இறுக்கி, அதன் விளிம்பை ஒட்டிக் கோடு போட்டு வெட்டுங்கள். பிறகு வாயை வெர்னியரால் இரு வாட்டமும் அளந்து பாருங்கள். அரை மி.மீ. வித்தியாசம் இருந்தால் அரம் போட்டுச் சரிசெய்யுங்கள். இடைவெளியை ஃபில்லர் ராடால் நிரப்பும் எண்ணமே வேண்டாம். அங்கேதான் பின்னால் விரிசல் விடும்.

வெட்ட பேண்ட்ஸாதான் (பட்டை ரம்பம்) என் தேர்வு. கிரைண்டரில் 1 மி.மீ. வீலும் போதும், பிசிறு எடுக்க நேரம் பிடிக்கும், அவ்வளவே.

3. வண்டியில் டேக், அதாவது அங்கங்கே புள்ளி வைத்துத் தற்காலிகமாக ஒட்டுவது. பேட்டரியைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். ஃபிளாஞ்சை முறுக்கி, கலெக்டரை அதன் இடத்தில் கட்டி நிறுத்துங்கள். வழி குறுகலான பைப்பை முதலில் போடுங்கள், பெரும்பாலும் அது ஸ்டீயரிங் ஷாஃப்ட் பக்கம் வருவது. எஞ்சின் ரப்பரில் ஆடும் என்பதால் சுற்றிலும் 20 முதல் 25 மி.மீ. விடுங்கள். ஒவ்வொரு ஃபிளாஞ்ச் நட்டுக்கும் சாக்கெட் நுழைகிறதா, ஸ்பார்க் பிளக் வெளியே வருமா என்று அப்போதைக்கப்போது பாருங்கள். நடுக்கோட்டு நீளத்தில் நான்கும் 25 மி.மீ.க்குள் ஒத்துப்போனால் தெரு வண்டிக்குத் தாராளம்.

இரண்டு பைப் டேக் ஆனதும் மொத்தத்தையும் ஒருமுறை வெளியே உருவிப் பாருங்கள். நான்கையும் ஒட்டிய பிறகு வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும் ஹெடர்கள் உண்டு.

4. முழு வெல்டிங். இது மேசையில். ஃபிளாஞ்சைப் பழைய சிலிண்டர் ஹெட்டிலோ 20 மி.மீ. தகட்டிலோ முறுக்கிக்கொண்டுதான் வெல்ட் அடிக்க வேண்டும், ஆறிய பிறகே கழற்ற வேண்டும். இல்லையேல் வாழைப்பழம்போல வளையும். பைப்போடு பைப்புக்கு 308எல், இரும்பு ஃபிளாஞ்சுக்கு 309எல் ராட். 50 முதல் 60 ஆம்பியர். பைப்பின் இரு முனையையும் அடைத்து உள்ளே நிமிடத்துக்கு 4 லிட்டர் ஆர்கான் ஓடட்டும். ஓடாவிட்டால் உள்பக்கம் கருகிச் சர்க்கரைக் கட்டிபோலப் பொரியும்.

துடைக்க அசிட்டோன் மட்டும். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் ஆர்க்கில் ஃபாஸ்ஜீன் விஷவாயுவாகும்.

5. சோதனை. ஃபிளாஞ்ச் முகத்தில் நேர்விளிம்பு வைத்து 0.2 மி.மீ. ஃபீலர் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைந்தால் முகத்தைத் தேய்த்துச் சமமாக்குங்கள். பிறகு காற்றூதி, சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி தேடுங்கள்.

*பின்னர் சேர்த்தது:* ஆக்சிஜன் சென்சாரைத் திருகும் மரையுள்ள வளையத்தை (bung), எம்18×1.5, கிடைமட்டத்துக்குக் குறைந்தது 10 டிகிரி மேலே சாய்த்து வையுங்கள். கீழே வைத்தால் நீர் தேங்கி சென்சார் சாகும். சைலன்சர் எடை ஹெடரில் தொங்கக்கூடாது. கலெக்டருக்குப் பின்னால் வளைந்துகொடுக்கும் ஃபிளெக்ஸ் பைப், கியர்பாக்ஸில் ஒரு தாங்கி.