பயமா, விசுவாசமா: வீட்டு ஜெபக்குழுவில் நான்கு வாரம் பேசிப் பிரித்தறிய ஒரு வழிமுறை

சேலத்தில் அஸ்தம்பட்டி, செவ்வாய்ப்பேட்டை, அம்மாபேட்டை பக்கத்து வீட்டு ஜெபக்குழுக்களை நடத்துகிறவர்களுக்காகவும், ஏற்காட்டு எஸ்டேட் லைன்களில் (தொழிலாளர் குடியிருப்புகளில்) கூடுகிறவர்களுக்காகவும், கத்தோலிக்கரின் அக்கம்பக்கக் குழுக்களான அன்பியங்களுக்காகவும் இதை எழுதுகிறோம். பயத்தைக் காட்டினால் கூட்டம் சேரும், காணிக்கைப் பையும் நிறையும். ஆனால் பயந்து வந்தவர் பக்கத்து வீட்டாரை நேசிப்பதில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவே அவருக்கு நேரம் சரியாக இருக்கிறது. "அன்பிலே பயமில்லை, பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்" என்று யோவான் எழுதிய அதே பகுதியில்தான் (1 யோவான் 4), கண்ட சகோதரனை நேசியாதவன் காணாத தேவனை எப்படி நேசிப்பான் என்ற கேள்வியும் வருகிறது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஏற்பாடு

எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் போதும். அதற்கு மேல் போனால் பேசுகிறவர்களே பேசுவார்கள், மற்றவர்கள் கேட்டுவிட்டுப் போவார்கள். ஒன்றேகால் மணி நேரம், வட்டமாக உட்காருங்கள், மைக் வேண்டாம். தறி ஓடுகிற தெருவில் ஷிப்ட் முடியும் நேரத்தை விசாரித்து அதன்பின் வையுங்கள். ஏற்காட்டில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை காப்பிப் பழம் பறிப்பு இருக்கும், வார நாட்களில் ஆட்கள் ஓய்ந்துபோய் வருவார்கள். ஞாயிறு மதியம்தான் சரிப்படும். உங்கள் ஆயரிடமோ பங்குத்தந்தையிடமோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மறைத்து நடத்தினால் அதுவே ஒரு பயமாகிவிடும்.

இந்த நான்கு வாரமும் காணிக்கை எடுக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

முதல் வாரம்: சீட்டுகள்

ஆளுக்கு மூன்று துண்டுச் சீட்டு கொடுங்கள். "நான் இதைச் செய்யாவிட்டால் இது நடந்துவிடும்" என்ற வடிவில் மனதில் இருப்பதை எழுதச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் தாங்கள் நம்பும் ஒருவரிடம் சொல்லி எழுதிக்கொள்ளலாம். கையெழுத்தை அடையாளம் கண்டுகொள்வார்கள் என்பதால் சீட்டுகளைக் கலந்து நடத்துநர் மட்டும் வாசிக்க வேண்டும். "இது யார் எழுதியது?" என்று ஒரு குரல் எழுந்தாலும் அதோடு காரியம் கெட்டது, தொடங்கும் முன்பே எச்சரித்துவிடுங்கள்.

பெரும்பாலும் இப்படி வரும்: "தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) கொடுக்காவிட்டால் அந்தப் பணம் ஆஸ்பத்திரிக்குப் போய்விடும்." "குழுக் கடன் தவணை கட்டாவிட்டால் வாசலில் வந்து நிற்பார்கள்." "தம்பிக்குச் சேர வேண்டிய பங்கைக் கொடுக்காவிட்டால் கர்த்தர் என் ஜெபத்தைக் கேட்கமாட்டார்." மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் பயம்தான். ஆனால் மருந்து வேறு வேறு. ஆகவே மூன்று குவியலாகப் பிரியுங்கள்.

கடன் சீட்டு உண்மையான ஆபத்து. அதற்கு ஜெபத்தோடு கணக்கு நோட்டும் வேண்டும்: எவ்வளவு பாக்கி, எத்தனை தவணை, யாரிடம் போய்ப் பேசலாம் என்று கணக்கு தெரிந்த ஒருவர் அவரோடு தனியே உட்கார வேண்டும். தம்பி பங்கு மனச்சாட்சியின் குரல். அதற்கு ஆறுதல் சொல்லி அனுப்புவது தவறு. வரி வசூலித்த சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான் (லூக்கா 19:8). இவரும் பங்கைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். தசமபாகச் சீட்டு மிரட்டல். யாரோ ஒருவர் பிரசங்கத்தில் சொன்னது மனதில் தங்கிவிட்டது. மிரட்டல் குவியலை மட்டும்தான் வசனத்தை வைத்துப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பலர் இரண்டாவது குவியலையும் மூன்றாவதையும் குழப்பிவிடுகிறார்கள். "பயப்படாதே" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னால், திருத்திக்கொள்ள வேண்டியவரும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார். யாராவது அழுதால் தலையில் கைவைத்துச் சத்தமாக ஜெபிக்கத் தொடங்காதீர்கள். தண்ணீர் கொடுங்கள், கொஞ்ச நேரம் அமைதியாக இருங்கள்.

இரண்டாம் வாரம்: எந்தப் பயம்?

"கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம்" என்று நீதிமொழிகள் 9:10-ஐக் காட்டி ஒருவர் கட்டாயம் மறுப்பார். நல்ல கேள்வி, தட்டிக்கழிக்காதீர்கள். யாத்திராகமம் 20:20-ஐத் திறக்கச் சொல்லுங்கள். சீனாய் மலையடியில் நடுங்கி நின்ற ஜனங்களிடம் மோசே, பயப்படாதிருங்கள் என்கிறார். அதே வாக்கியத்தில், பாவம் செய்யாதபடிக்குத் தேவபயம் உங்கள் முன் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறார். ஒரே வசனத்தில் ஒன்று விலக்கப்படுகிறது, ஒன்று வேண்டப்படுகிறது. யோவானின் நிருபத்தை விளக்கும்போது பழங்காலத் திருச்சபை ஆயர் அகுஸ்தீன் இதற்குச் சொன்ன உதாரணம் எளிமையானது: துரோகம் செய்துகொண்டே கணவன் வந்துவிடுவானோ என்று அஞ்சுகிற மனைவி ஒருத்தி, கணவனை நேசித்து அவன் விட்டுப் போய்விடுவானோ என்று அஞ்சுகிற மனைவி ஒருத்தி.

எந்தப் பயம் என்று தெரிந்துகொள்ள, அது ஆளை எங்கே கொண்டுபோகிறது என்று பாருங்கள். ஆதாம் பயந்து ஒளிந்துகொண்டான். மத்தேயு 25-ல் எஜமானைக் கடினமானவர் என்று எண்ணிய ஊழியன் பயந்து, தாலந்தைப் புதைத்து வைத்தான். ஒளிவதும் புதைப்பதும் அடிமைப் பயத்தின் அடையாளங்கள். தவறு செய்தவர் ஆலயத்துக்கே வராமல் நின்றுவிட்டால், திருவிருந்து நாளில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து போனால், எந்தப் பயம் அவரை ஆள்கிறது என்று புரிந்துகொள்ளலாம்.

லூக்கா 13:1-5-ஐயும் யோவான் 9:1-3-ஐயும் இதே வாரத்தில் முழுமையாக வாசியுங்கள். ஏற்காடு மலைப்பாதையில் ஒரு வண்டி கவிழ்ந்தால், "அந்த வீட்டில் ஏதோ பாவம்" என்று பேசுகிறவர்கள் நம்மிடையே உண்டு. சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்ல என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். துக்க வீட்டில் அந்தப் பேச்சை நிறுத்த இந்த இரண்டு பகுதிகளும் போதும்.

மூன்றாம் வாரம்: பணம், தீர்க்கதரிசனம், மாத்திரை

பணத்துக்கு, தசமபாகம் கொடாதவர்கள் தேவனை வஞ்சிக்கிறார்கள் என்கிற மல்கியா 3 மட்டும் வாசித்து நிறுத்தாதீர்கள். மல்கியா 2-ல் கண்டிக்கப்படுகிறவர்கள் ஆசாரியர்கள் என்பதையும் பாருங்கள். உபாகமம் 14:28-29 சொல்கிறபடி மூன்றாம் வருடத் தசமபாகம் லேவியனுக்கும் பரதேசிக்கும் (அந்நியனுக்கும்) திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் ஊர் வாசலிலேயே வைக்கப்பட்டது. கடைசியாக 2 கொரிந்தியர் 9:7: விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல. யாரும் பார்க்காத, யாரும் அறிவிக்காத காணிக்கையை நான் மனமுவந்து கொடுப்பேனா என்று ஒவ்வொருவரும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளட்டும்.

"உன் வீட்டில் ஒரு சாவு வரும்" என்று ஒருவர் தீர்க்கதரிசனம் சொன்னால், சொன்னவர், தேதி, சொற்கள் மூன்றையும் அன்றே எழுதி வையுங்கள். மற்றவர்கள் அதைச் சோதித்து நிதானிக்க வேண்டும் என்பது பவுலின் கட்டளை (1 கொரிந்தியர் 14:29). நடக்காவிட்டால், அவனுக்குப் பயப்படவேண்டாம் என்கிறது உபாகமம் 18:22. பரிகாரமாகப் பணம் கேட்டால், நடக்கிறதா என்று காத்திருக்கவே தேவையில்லை.

மாத்திரை விஷயத்தில் தாமதம் கூடாது. விசுவாசத்தை நிரூபிக்க வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வந்து உயிரே போகலாம். இன்சுலினை நிறுத்தினாலும் உயிருக்கு ஆபத்துதான். பிணியாளிகளுக்கு வைத்தியன் வேண்டும் என்று சொன்னவர் இயேசு (மத்தேயு 9:12).

"மன்னிக்கப்படாத பாவம் செய்துவிட்டேனோ" என்று ஒருவர் கேட்டால் மாற்கு 3:28-30-ஐ வாசித்துக் காட்டுங்கள். இயேசுவைப் பார்த்து அசுத்த ஆவியுள்ளவன் என்றவர்களுக்குச் சொல்லப்பட்டது அது. என்னிடத்தில் வருகிறவனை நான் புறம்பே தள்ளுவதில்லை என்கிற யோவான் 6:37-ஐயும் காட்டுங்கள். அவர் மறுவாரமும் அதற்கடுத்த வாரமும் அதையே கேட்டால், ஜெபத்தின் நடுவே கெட்ட வார்த்தைகள் தானாக வருகின்றன என்று தவித்தால், ஒரே பாவத்தைத் திரும்பத் திரும்ப அறிக்கையிட்டால், பதிலைத் திரும்பச் சொல்லாதீர்கள். சொல்லச் சொல்ல அந்தச் சுழல் இறுகும். அது மனநோயாக இருக்கலாம், விசுவாசக் குறைவு அல்ல. சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூடவே போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

நான்காம் வாரம்: வாசலுக்கு வெளியே

கலாத்தியர் 2:11-14. அந்தியோகியாவில் புறஜாதியாரோடு (யூதரல்லாதவரோடு) சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, விருத்தசேதனக்காரருக்கு (யூதர்களுக்கு) பயந்து பந்தியிலிருந்து விலகினார். பவுல் முகத்துக்கு நேரே எதிர்த்தார். தமிழ்ச் சபைகளில் சாதிவாரியாக உட்கார்ந்த வழக்கத்தைக் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833-ல் கண்டித்து எழுதியும், பெண் கொடுப்பதிலும் கல்லறைத் தோட்டத்திலும் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காரணம் கேட்டால் "சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள்" என்பார்கள். அது பேதுருவின் பயமேதான். ஆகவே இந்த வாரக் கூட்டத்தைச் சாப்பாட்டோடு வையுங்கள்: ஒவ்வொருவரும் தன் வீட்டிலிருந்து ஒரு பண்டம் கொண்டுவர, எல்லாரும் எல்லாவற்றையும் சாப்பிட வேண்டும். யார் எதைத் தொடவில்லை என்று நடத்துநர் கவனித்து, பிற்பாடு தனியாகப் பேசட்டும்.

ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குப் பக்கத்து வீட்டார் சாப்பிடக் கூப்பிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி வரும். 1 கொரிந்தியர் 10:27-28-ல் விடை இருக்கிறது: அழைத்தால் போகலாம், வைத்ததைச் சாப்பிடலாம், படைத்தது என்று ஒருவர் சொன்னால் அவருடைய மனச்சாட்சிக்காக விட்டுவிடலாம். தீட்டு வந்துவிடும் என்ற நடுக்கம் இரண்டு வசனத்திலும் இல்லை. வேறு மதத்தாரோடு பழகப் பயப்படாதவர்கள் முன்பும் இருந்தார்கள்: யாழ்ப்பாணத்தில் வேதாகமத்தைத் தமிழாக்கும் வேலையில் பீட்டர் பெர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டார். நாவலர் கடைசிவரை சைவர்தான். அந்தப் பெர்சிவல் 1882-ல் இறந்தது நம் ஏற்காட்டில்.

நான்கு வாரம் முடிந்தபின் சிலர் வராமல் போவார்கள். மிரட்டலால் மட்டும் வந்துகொண்டிருந்தவர்கள் அது தளர்ந்ததும் நிற்பது இயல்பு. "வராவிட்டால் ஆசீர்வாதம் போய்விடும்" என்று செய்தி அனுப்பாதீர்கள், அது முதல் வாரச் சீட்டைத் திரும்ப எழுதுவதாகும். இரண்டு பேர் வீட்டுக்குப் போங்கள், முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள், அரைமணிக்கு மேல் உட்காராதீர்கள், ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். வேலை, பிள்ளைகள், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். ஜெபிக்கட்டுமா என்று கேட்டு, வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். காணிக்கைக் கவரைக் கையில் கொண்டுபோகவே கூடாது.