ஜெர்மனியின் சிற்றூருக்குப் பரிமாற்ற மாணவராகச் செல்வோருக்கு

பரிமாற்றத் திட்டத்தில் ஓரிரு பருவங்கள் ஜெர்மனியில் படிக்கச் செல்லும் நம் மாணவர்களில் பலர், பெர்லினையோ மியூனிக்கையோ மனத்தில் வைத்துக்கொண்டு கிளம்பி, தூரிங்கியக் காட்டின் ஓரத்தில் இருக்கும் இல்மெனாவ் போன்ற சிறிய பல்கலைக்கழக ஊரில் போய் இறங்குகிறார்கள். அத்தகைய ஊர் தன் நேரத்தை யாருக்காகவும் மாற்றிக்கொள்வதில்லை. அதன் நேரத்துக்கு நம்மைப் பழக்கிக்கொண்டால் முதல் மாதத்துச் சிரமத்தில் பாதி குறைந்துவிடும்.

குடிபுகுந்த இரண்டு வாரங்களுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்வது சட்டப்படி கட்டாயம். அங்கே இதை 'அன்மெல்டுங்' என்பார்கள். கடவுச்சீட்டோடு, வீட்டு உரிமையாளரோ விடுதி நிர்வாகமோ கையெழுத்திட்டுத் தரும் சான்றும் வேண்டும். பதிவு முடிந்த சில வாரங்களில், பொது வானொலி, தொலைக்காட்சிக்கான ஒலிபரப்புக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். மோசடி என்று எண்ணி அதைக் கிழித்துப் போட்டுவிட வேண்டாம். மாதம் 18.36 யூரோ என்ற அந்தக் கட்டணம் வீட்டுக்கு ஒன்று என்று கணக்கிடப்படுவதால், பலர் பகிர்ந்து வாழும் வீட்டில் ஒருவர் கட்டினால் போதும்; தொலைக்காட்சி இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் திறப்பதில்லை. காலையில் சில மணி நேரம் ரொட்டிக் கடையும், பெட்ரோல் நிலையமும் இருந்தால் அதுவே பெரிது. ஆகவே அரிசி, பால், காய்கறி எல்லாவற்றையும் சனிக்கிழமை மாலைக்குள் வாங்கி வைத்துவிடுங்கள். துவரம்பருப்பு கிடைக்காத ஊரில் சிவப்பு மைசூர்ப் பருப்பு சாம்பாருக்கு உதவும். ஒருமுறைப் பயன்பாட்டு பிளாஸ்டிக் புட்டிகளுக்குத் தலா 25 சென்ட் முன்பணம் பிடிப்பார்கள். காலிப் புட்டியைக் கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் அது திரும்பக் கிடைக்கும். முன்பணம் இல்லாத கண்ணாடிப் புட்டிகளைப் பொதுத் தொட்டியில் ஞாயிறன்று போடக் கூடாது, ஏனெனில் அந்தச் சத்தமே அன்று குற்றம்.

விடுதிச் சமையலறையில் தாளிக்கும்போது கூடுதல் கவனம் தேவை. கடுகும் மிளகாயும் கிளப்பும் புகைக்கு எச்சரிக்கைக் கருவி அலறி, தீயணைப்பு வண்டியே வந்து நின்றுவிடக்கூடும். குளிருக்குப் பயந்து சன்னலை எப்போதும் சாத்தி வைத்திருந்தால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். நாளுக்கு இரண்டு மூன்று முறை வெப்பமூட்டியை அணைத்துவிட்டு, சன்னலை ஐந்து பத்து நிமிடம் அகலத் திறந்து மூடுவதே அவர்கள் வழக்கம்.

மனிதர்களோடு பழகுவதில் நமக்கு ஒரு வசதி உண்டு. நீ, நீங்கள் என்ற வேறுபாடு அவர்கள் மொழியிலும் 'டு', 'ஸீ' என்று இருப்பதால், ஆங்கிலத்தில் மட்டும் பழகியவரைவிட நாம் அதை எளிதில் பிடித்துக்கொள்வோம். மாணவர்களுக்குள் 'டு' போதும். பேராசிரியரிடமும் கடைக்காரரிடமும் அண்டை வீட்டு முதியவரிடமும், அவர்களாகச் சொல்லும் வரை 'ஸீ' என்றே பேசுங்கள். மாறாக, நம்மைக் கவிழ்க்கும் பழக்கமும் ஒன்று உண்டு. ஒரு வீட்டுக்குப் போனால் முதலில் "வேண்டாம்" என்பதும் இரண்டாம் மூன்றாம் உபசரிப்புக்குப் பிறகு தட்டை நீட்டுவதும் நம் நாகரிகம். அங்கே "வேண்டாம்" என்றால் வேண்டாம் என்றுதான் பொருள். கேக் மறுபடி வராது. பசித்தால் முதல் முறையே வாங்கிக்கொள்ளுங்கள்.

டிசம்பரில் மாலை நான்கு மணி தாண்டியதும் இருட்டிவிடும். அறைக்குள் முடங்கி ஊருக்குத் தொலைபேசிக்கொண்டே இருப்பவர்களைத்தான் அந்த இருட்டு அதிகம் வாட்டுகிறது. சிற்றூர்களில் நட்பு பெரும்பாலும் 'ஃபெராயின்' எனப்படும் சங்கங்கள் வழியாகவே அமைகிறது; மேசைப்பந்து, சேர்ந்திசை, மலைநடை என ஏதேனும் ஒன்றில் அக்டோபரிலேயே சேர்ந்து, மொழி தெரியாவிட்டாலும் வாரந்தோறும் தவறாமல் போய் நில்லுங்கள். முதல் சில வாரங்கள் யாரும் அதிகம் பேச மாட்டார்கள், அதை வெறுப்பு என்று கொள்ள வேண்டாம்.

நாடு திரும்புகையில் முகவரிப் பதிவை நீக்க வேண்டும். வெளியேறுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே இதைச் செய்யலாம். ஒலிபரப்புக் கட்டணத்தை நிறுத்தத் தனியாக எழுத வேண்டும். நீக்கல் சான்றின் நகலை அதனுடன் இணைத்து அனுப்புங்கள்.